எதிரே வரும் கலம்: பேச்சா, முதல் அடியா?

நீள்வட்டம்:
விண்வெளியில் ஒரு கற்பனைச் சூழல். நம் விண்கலத்துக்கு எதிரே பகைநாட்டு விண்கலம். இடைவெளி 3,00,000 கி.மீ. நெருங்கும் வேகம் நொடிக்கு 10 கி.மீ., நேருக்கு நேர் பாதை. இரு தரப்பிடமும் ஹைட்ரஜன்-ஆக்சிஜன் எஞ்சின், 1 மெகாவாட் லேசர், அதைக் குவிக்க 10 மீட்டர் கண்ணாடி. நம் படையில் ஒரு கேப்டன் பேசலாம் என்கிறார், இன்னொருவர் உடனே அடிக்கணும் என்கிறார். நீங்க யார் பக்கம்? கணக்கோட சொல்லுங்க.

உந்துவிசை:
அடிக்கணும். 10 கி.மீ. வேகத்துல 1 கிலோ இரும்பு மோதினா 50 மெகாஜூல், கிட்டத்தட்ட 12 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். தனியா வெடிமருந்தே தேவையில்லை. பேசிக்கிட்டே 1,000 கி.மீ.க்கு வந்துட்டா மிச்சம் 100 நொடிதான். அந்தத் தூரத்துல 1 மைக்ரான் அலைநீள லேசரோட ஒளிப்புள்ளி வெறும் 24 செ.மீ. மொத்த சக்தியும் அதுக்குள்ள இறங்கும். அப்ப யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

தூதுவன்:
உந்துவிசை, இரும்பு அங்கே போய்ச் சேர 30,000 நொடி ஆகும், எட்டு மணி இருபது நிமிடம். எதிரி நொடிக்கு 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே அதற்குள் 300 மீட்டர் விலகிவிடுவான். தானே திசைதிருப்பிக்கொள்ளும் ஏவுகணை என்றால் எஞ்சின் எரிய வேண்டும். குளிர்ந்த வான்பின்னணியில் அந்தச் சூடு அகச்சிவப்பில் உடனே தெரியும். அதைவிட மோசம், ஏவியதைத் திரும்பப் பெற முடியாது. நடுவழியில் சமாதானமாகி அதை வெடிக்க வைத்தாலும் சிதறல் அதே பாதையில், ஏறக்குறைய அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

பேச்சுக்கோ போகவர 2 நொடி போதும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: 50,000 கி.மீ. இடைவெளி விட்டுக் கடந்து போவோம். அங்கே லேசர் புள்ளி 12 மீட்டராக விரிந்து, சதுர மீட்டருக்கு 8.5 கிலோவாட்டாகக் குறைந்துவிடும். பூமியருகே விழும் வெயிலைப் போல ஆறு மடங்கு, அவ்வளவே. இருவரும் பாதிப் பாதி விலகினால் ஆளுக்கு நொடிக்கு 830 மீட்டர். எரிபொருள், கலத்தின் எடையில் 17 சதவீதம்.

உந்துவிசை:
அவன் விலகலைன்னா? நான் மட்டும் விலகினா 31 சதவீதம் போயிடும். ஒவ்வொரு மணி நேரமும் இழுத்தடிச்சா செலவு இன்னும் ஏறும். முதல் மணி போனாலே 830 கிட்டத்தட்ட 950 ஆகுது. பேசுறவனுக்கு இந்தக் கடிகாரம் கண்ணுல படுறதே இல்ல.

அலைநீளம்:
வெப்பத்தை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. லேசர் திறன் 30 சதவீதம்னா 2.3 மெகாவாட் கழிவு வெப்பம். 300 கெல்வின்ல (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) அதை வெளியேத்த, ரெண்டு பக்கமும் கதிர்வீசுற தகடு சுமார் 2,500 சதுர மீட்டர் வேணும். மெல்லிசான தகடு, ஒரு துளை விழுந்தாலே குளிர்திரவம் ஒழுகிடும். அதனால சண்டைக்குத் தயாராகிறவன் தகட்டோட விளிம்பைத்தான் எதிரிக்குக் காட்டுவான். அகல முகத்தைக் காட்டி, கண்ணாடி மூடியையும் சாத்தினா அது வாய்வார்த்தை இல்ல, தொலைநோக்கியில பார்த்துச் சரிபார்க்கக்கூடிய உறுதி.

தூதுவன்:
சரியாகச் சொன்னீர்கள். கடலில் இது நடந்திருக்கிறது. 1972இல் அமெரிக்காவும் சோவியத்தும் செய்த கடல் ஒப்பந்தத்தில், கடந்து செல்லும் எதிர்த்தரப்புக் கப்பலை நோக்கித் துப்பாக்கியோ டார்பிடோ குழாயோ திருப்பித் தாக்குவதுபோல் பாவனை காட்டக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1962 அக்டோபர் 27 அன்று, கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, சோவியத்தின் பி-59 நீர்மூழ்கிக்கு மாஸ்கோவுடன் தொடர்பில்லை, பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, உள்ளே தாங்க முடியாத சூடு. அமெரிக்கக் கப்பல்கள் போட்ட எச்சரிக்கைக் குண்டுச் சத்தத்தைப் போர் என்று நினைத்த கேப்டன் சவிட்ஸ்கி அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். அதிகாரி அர்கிபோவ் தடுத்தார். அந்தக் கேப்டனுக்குக் குறைந்தது துணிச்சல் அல்ல, தகவல்.

உந்துவிசை:
தகவல் வேணும்ங்கிறதை ஒத்துக்கறேன். ஆனா பக்கவாட்டு விலகல் டாப்ளர்ல (அலைநீள மாற்றத்தை வெச்சு வேகம் கணிக்கிற முறை) சரியா தெரியாது. டாப்ளர் காட்டுறது பார்வைக்கோட்டு வேகத்தை மட்டும்தான். ‘விலகிட்டேன்’னு ரேடியோவுல சொல்லி ஏமாத்தலாம்.

அலைநீளம்:
நட்சத்திரங்களை வெச்சு கோணம் பாருங்க. நொடிக்கு 100 மீட்டர் விலகினா 10 நிமிஷத்துல 60 கி.மீ. இந்தத் தூரத்துல அது 41 விகலைக் கோணம் (ஒரு பாகையில 3,600 விகலை), சின்னத் தொலைநோக்கியே பிடிச்சிடும். அதனால மொத்தமா எரிக்காம 100 மீட்டர் வீதம் ஒன்பது தவணை, 10 நிமிஷ இடைவெளியில. ஒவ்வொரு தவணையும் கண்ணால சரிபார்த்த பிறகுதான் அடுத்தது. ரெண்டு பேரும் ஒன்பதையும் முடிச்சா, கடக்கும்போது இடைவெளி 50,000 கி.மீ.ஐ ஒட்டி வந்துடும்.

உந்துவிசை:
ரெண்டாவது தவணையில அவன் நகரலைன்னா நான் இழந்தது 200 மீட்டர் வேகம், 4 சதவீத எடை. இந்த விலைக்குப் பேசலாம். ஆனா அந்த ஒன்பது தவணை முடியிற வரைக்கும் ஏவுகணைக் குழாய் நிரம்பியே இருக்கணும்.