பதில் கடமை பார்த்தவர் இருக்க, பதவி இளையவருக்கா?

திருமலைத் தங்கச்சி:
அண்ணன் தபால் துறையில் வேலை. மேலே இருந்தவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய இடத்தில் அண்ணன்தான் பதில் கடமை பார்த்தார். காலையில் தபால் பை உடைக்கும்போது அதன் சீல் சரிபார்ப்பது, விற்கும் முத்திரைகளின் கையிருப்பு, பின்னேரம் காசுக் கணக்கு முடித்துப் பெட்டகத்தைப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது அவருக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டார்கள், நேர்முகத்தில் புள்ளி கூட என்று வாயால் சொன்னதோடு சரி. சேவை மூப்புக்கு மதிப்பே இல்லையா?

தம்பலகாமத்தான்:
தங்கச்சி, பதில் கடமை பார்த்ததால் மட்டும் பதவிக்கு உரிமை வராது. அந்தப் பதவிக்கான தகைமைகளைச் சொல்லும் ஆட்சேர்ப்புத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அரச சேவையில் மேலே போக முடிக்க வேண்டிய வினைத்திறன் காண் தடைப் பரீட்சையை அண்ணன் தவணைக்குள் முடித்தாரா? 2007 யூலைக்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் இரண்டாம் மொழித் தேர்ச்சியும் (நமக்கென்றால் சிங்களம்) கேட்பார்கள். இதில் ஒன்று குறைந்தாலும் இளையவர் முந்துவார்.

மூதூர் நானா:
அது சரி, ஆனால் ஆள் பற்றாக்குறையான கந்தோரில் ஒருவரையே கவுண்டரிலும் கணக்கிலும் போட்டு, சிங்கள வகுப்புக்குப் போக லீவும் கொடுக்காமல், கடைசியில் "தகைமை காணாது" என்றால் அது எந்த ஊர் நியாயம்? பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புள்ளித் திட்டத்தை நேர்முகத்துக்கு முன்பே எல்லோருக்கும் காட்ட வேண்டும், பொறுப்பாக இருந்த காலத்துக்கும் அதில் புள்ளி இருக்க வேண்டும். மூப்பு என்பது வயதுக்குக் கொடுக்கும் மரியாதை இல்லை, செய்த வேலையின் கணக்கு.

உவர்மலை:
சண்டையை விட்டுவிட்டு காலத்தைக் கவனியுங்கள். அடிப்படை உரிமை மனு என்றால் இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். புள்ளிப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே 14 வேலை நாள் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாதம் போய்விடும். அதனால் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு போடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. விசாரணை நடக்கிறது என்று ஆணைக்குழு தரும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், வெறும் முறைப்பாட்டு இலக்கத்தை நம்பியிருக்க வேண்டாம். பொதுச் சேவை ஆணைக்குழுவின் தீர்மானம் என்றால் அதை எதிர்த்து மேன்முறையீடு செய்ய நிருவாக மேன்முறையீட்டு நியாய சபையும் இருக்கிறது. பதில் கடமைக்கு நியமித்த கடிதங்கள் எல்லாம் அண்ணனிடம் உண்டா?

திருமலைத் தங்கச்சி:
உண்டு, எல்லாம் ஒரு கோவையில் போட்டு வைத்திருக்கிறார். தெரிவானவரின் பெயர் வந்தது போன கிழமைதான். திங்கட்கிழமை முறைப்பாட்டோடு போகிறோம்.