பழைய மான் மண்டையோடும் கொம்பும்: உங்கள் அனுபவம்

நிபோங் திபால் பேரன்:
தாத்தா காலத்து ரூசா மான் மண்டை. தோட்டத்து லயத்து வாசலில் வெயிலிலும் மழையிலும் தொங்கிப் பாசி ஏறிவிட்டது. நான் கோலாலம்பூரில் இருந்த நேரத்தில் சித்தப்பா அதை பிளீச்சில் ஊறப்போட்டுவிட்டார். பார்க்க நல்ல வெள்ளை. மூக்கெலும்பைத் தொட்டேன், திருநீறு மாதிரி விரலோடு வந்துவிட்டது. சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசு இன்னும் ஆறவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை பிளீச் தின்றுவிடும். ஆயர் ஈத்தாமில் மாமா வீட்டு ஸ்டோரில் எனக்கு ஒரு கீஜாங் (சின்ன வகை மான்) மண்டை கிடைத்தது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். மறுநாள் மேலே மஞ்சள் எண்ணெய் மிதந்தது. அத்தனை வருஷம் கழித்தும் உள்ளே கொழுப்பு!

யாரும் கொதிக்க வைக்காதீர்கள். கொழுப்பு இன்னும் உள்ளே இறங்கும், மெல்லிய எலும்பு வெடிக்கும். எண்ணெய் நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் ஃபார்மசியில் விற்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் பஞ்சை நனைத்து மண்டையில் மட்டும் போர்த்துங்கள். கொம்பில் பட்டால் நிறம் போய்விடும், அடியிலிருந்தே பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள். நிழலில் காற்றாடிக்குக் கீழே காயட்டும். பினாங்கு ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் நிச்சயம். ஆடும் பல்லுக்கு வெள்ளைப் பசை போதும். உதிரும் எலும்புக்கு பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துப் பூசலாம். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பொருள்தான்.

செந்தூல்வாசி:
அக்கா, எல்லா மண்டையையும் ஏன் வெள்ளையாக்க வேண்டும்? வயசான எலும்புக்கு அந்த மங்கல் நிறமே அழகு. பாசியை மட்டும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தால் போதும் என்பேன்.

பெரியப்பா வைத்திருந்த கொம்பு வெயிலில் முழுக்க வெளுத்திருந்தது. கொம்பும் எலும்புதான். மான் மரத்தில் உரசும்போது பட்டைச் சாறும் ரத்தமும் ஏறித்தான் பழுப்பாகிறது. அதனால் கெட்டித் தேத்தண்ணியைப் பிரஷால் பூசினேன். நுனியை விட்டுவிட்டேன், உயிருள்ள மானுக்கும் நுனி தேய்ந்து வெளுத்துத்தான் இருக்கும். அடியிலிருந்த வரிகளில் பழுப்பு இறங்க இறங்கப் பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பத்தான் அவரு கொண்டாந்த மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் தம்பி, மண்டை ஓட்டில் ஒட்டியிருக்கும் கொம்பு தானாக உதிர்ந்து கிடைத்தது ஆகாது, செத்த மானிலிருந்து எடுத்தது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டில் மாட்டும் முன் பெர்ஹிலித்தானில் (வனவிலங்குத் துறை) அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.