தாத்தாவின் கண் சொட்டும் உறங்கிப்போன போனும்

குழு: சாரல் வீடு

ஞாயிறு, மாலை 5:52

ராஜா மாமா: நிவேதா, ஆன்லைனில் இருக்கிறாயா? ஒரு பஞ்சாயத்து.

ராஜா மாமா: கண் ஆபரேஷன் முடிந்ததும் அப்பா போனில் சொட்டு மருந்துக்கு ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாயே. இன்று மதியம் 1 மணிக்கு அது அடிக்கவில்லை. 3:30-க்கும் இல்லை. இப்போது போனைக் கையில் எடுக்கிறேன், இரண்டும் சேர்ந்து டிங் டிங் என்று அலறுகிறது.

அம்மா: ஐயோ தம்பி, இரண்டு வேளை போய்விட்டதா? டாக்டரிடம் கேட்டாயா?

ராஜா மாமா: ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டேன் அக்கா. விட்டதைச் சேர்த்து விட வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து ஒழுங்காகத் தொடருங்கள் என்றார்கள். அந்த "ஒழுங்காக" என்பதற்குத்தான் நிவேதாவைத் தேடுகிறேன்.

நான்: மாமா, ஒரே ஒரு கேள்வி. போனைக் கையில் எடுத்ததுமே அடித்ததா, ஆப்பைத் திறந்த பிறகு அடித்ததா?

ராஜா மாமா: எடுத்ததுமே. பூட்டைக்கூட நீக்கவில்லை.

கோமதி அத்தை: நேற்று இரவு 9 மணிக்கும் அடிக்கவில்லை நிவேதா. அது இப்படி இல்லை. காலையில் இவர் ஆப்பைத் திறந்த பிறகுதான் ஒரு வேளை தவறியதாகச் சிவப்பில் காட்டியது.

நான்: அப்படியானால் இது இரண்டு வியாதி. முதலில் இன்றைக்கு நடந்ததைப் பார்ப்போம். காலையிலிருந்து போன் எங்கே இருந்தது?

ராஜா மாமா: சாமி அலமாரியில். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன். யாரும் தொடவில்லை.

நான்: யாரும் தொடாததுதான் சிக்கல் 😀

நான்: 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து போனுக்கு ஒரு பழக்கம். சார்ஜில் இல்லை, திரை அணைந்திருக்கிறது, ஆடாமல் அசையாமல் கிடக்கிறது என்றால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உறங்கப் போய்விடும். டோஸ் என்று அதற்குப் பெயர். ஆப்புகளை எல்லாம் நிறுத்திவைத்துவிட்டு, எப்போதாவது சில நிமிடம் மட்டும் வேலை செய்ய விடும்.

அம்மா: ஏட்டி, தமிழில் சொல்லு.

நான்: நம் தெருவில் குடிதண்ணீர் திறந்துவிடுவது மாதிரி அம்மா. நமக்குத் தாகம் எடுக்கும்போது வராது, அவர்கள் திறக்கும்போதுதான் வரும். அதுவரை குடம் வரிசையில் நிற்கும். போன் அசையாமல் கிடக்கக் கிடக்க, அடுத்த முறை திறக்க மணிக்கணக்கில் ஆகும். 1 மணிக் குடமும் 3:30 குடமும் வரிசையில் நின்றன. மாமா போனைத் தூக்கினார், அசைவு தெரிந்தது, குழாய் திறந்துவிட்டது.

அம்மா: இப்போது புரிகிறது.

ராஜா மாமா: சரி, அதே போனில்தானே அப்பா காலை 5 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறார். இரவு முழுக்க அசையாமல்தான் கிடக்கிறது. அது ஒருநாளும் தவறவில்லையே? எங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கிறது.

நான்: நல்ல கேள்வி மாமா. போனோடு வரும் கடிகாரத்து அலாரத்துக்குத் தனி மரியாதை. அது நேரம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே போனை எழுப்பிவிடும். மற்ற ஆப் எழுதுகிறவர்களும் அந்த வழியில் கேட்டு வாங்கலாம், எல்லாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஆண்ட்ராய்டு 14-இலிருந்து புதிதாகப் போடும் பல ஆப்புகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைக்காது, நாம்தான் போய் ஆன் செய்ய வேண்டும். அதை நான் அன்று பார்க்காமல் விட்டுவிட்டேன். ஊருக்குக் கிளம்பும் அவசரம். தப்பு என்னுடையதும்தான்.

பிரபு அண்ணன்: அப்போ இந்த வாட்ஸ்அப் மட்டும் எப்படி நடுராத்திரியிலும் வருகிறது? அதுவும் உறங்க வேண்டியதுதானே.

நான்: அது வெளியிலிருந்து வருகிறது அண்ணா. ஆப் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்திருக்கத் தேவையில்லை. கூகுள் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும், அவசரச் செய்தி என்று அங்கிருந்து குறி போட்டு வந்தால் அந்த ஆப்பை மட்டும் தட்டி எழுப்பிக் கொடுத்துவிடும். லாட்ஜில் எல்லா அறைக்கும் சேர்த்து வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பாரே, அப்படி. சொட்டு மருந்து ஆப்புக்கு வெளியிலிருந்து தட்ட யாரும் இல்லை. தானே எழ வேண்டும்.

மாலை 6:15

நான்: ஆறு மணிச் சொட்டு விட்டாச்சா?

கோமதி அத்தை: விட்டாச்சு. மாமா, உன் தாத்தாதான், கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்.

நான்: சரி அத்தை, இப்போது நேற்று இரவுக் கதை. 9 மணிக்கு முன்னால் தாத்தா போனை யாராவது எடுத்தீர்களா?

கோமதி அத்தை: நான்தான். எட்டரைக்கு வேலை முடிந்ததும் அடுப்பைத் துடைப்பேன், பின்வாசல் தாழ்ப்பாளைப் போடுவேன், அப்புறம் என் போன், அவர் போன், மாமா போன் மூன்றிலும் திறந்து கிடப்பதை எல்லாம் மேலே தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் படுப்பேன். இல்லாவிட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்று கடைப்பையன் சொன்னான்.

பிரபு அண்ணன்: ஆள் கிடைத்துவிட்டது 😂

மாலா சித்தி: மதினி, நானும் அதைத்தான் செய்கிறேன். இதில் என்ன தப்பு?

நான்: தப்பு சொல்லிக் கொடுத்தவர்கள் மீதுதான். அசல் ஆண்ட்ராய்டில் அப்படித் தள்ளினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, படம்தான் போகும், வைத்த அலாரம் இருக்கும். ஆனால் போன் செய்யும் கம்பெனிகள் ஆளுக்கொரு விதமாக அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். பேட்டரி நிறைய நேரம் நிற்கிறது என்று காட்ட வேண்டுமே. அப்படிப்பட்ட சில போன்களில் மேலே தள்ளுவதும் ஆப்பின் கழுத்தை நெரிப்பதும் ஒன்று. ஃபோர்ஸ் ஸ்டாப், அதாவது வலுக்கட்டாயமாக நிறுத்துவது, ஆகிவிட்டால் அது வைத்திருந்த அலாரம் அத்தனையும் ரத்து. நீங்களாகத் திறக்கும் வரை எழாது. அதனால்தான் காலையில் ராஜா மாமா திறந்த பிறகு விழித்தது.

கோமதி அத்தை: அப்போ நான் சுத்தம் செய்ததால்தான் மாமாவுக்குச் சொட்டு போனதா 😔

நான்: அத்தை, நீங்கள் ஆறு வேளையும் கையைக் கழுவிவிட்டுச் சொட்டு விடுகிறவர். போன் மேல் கோபப்படுங்கள்.

நான்: இன்னொன்று. மூடிவிட்டால் சார்ஜ் மிச்சம் என்பதே சரியில்லை. திரும்பத் திறக்கும்போது அந்த ஆப் முதலிலிருந்து எழ வேண்டும், அதற்குத்தான் கூடுதல் செலவு. தோசைக்கல்லை ஒவ்வொரு தோசைக்கும் ஆற வைத்துச் சூடாக்குவது மாதிரி.

மாலா சித்தி: ஐபோனிலுமா?

நான்: ஐபோனிலும்தான் சித்தி. 2016-இல் ஒருவர் ஆப்பிளுக்கு மெயில் போட்டு, நீங்கள் ஆப்புகளை இப்படி மூடுவீர்களா, பேட்டரிக்கு அது தேவையா என்று கேட்டார். அங்கே மென்பொருள் தலைவரான கிரெய்க் ஃபெடரிகி எழுதிய பதில்: இல்லை, இல்லை. அவ்வளவுதான். மேலே தள்ளிவிட்ட ஆப், நீங்கள் திரும்பத் திறக்கும் வரை பின்னால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. சார்ஜைச் சேமிக்கிற லோ பவர் மோட் போட்டாலும் அந்த வேலை நின்றுவிடும்.

மாலா சித்தி: அதனால்தான் ஷார்ஜாவில் எடுத்த போட்டோ எதுவும் மேலே ஏறாமல் கிடக்கிறதா! நான் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன் அண்ணே.

ராஜா மாமா: என்னிடம் ஏன் சொல்கிறாய், எனக்கு என் போனே ஓடவில்லை. நிவேதா, செய்ய வேண்டியதைச் சொல்லு. கண்ணாடியை எடுத்து வந்துவிட்டேன்.

நான்: தாத்தா போனை எடுங்கள். ஆப் படத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வட்டத்துக்குள் ஐ எழுத்து வரும், அதைத் தொடுங்கள்.

ராஜா மாமா: வந்தது.

நான்: கீழே பேட்டரி என்று இருக்கும். உள்ளே அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட் என்று மூன்று. இப்போது எதில் இருக்கிறது?

ராஜா மாமா: நடுவில் இருப்பது.

நான்: முதலாவதை வையுங்கள், கட்டுப்பாடு இல்லாமல் ஓடட்டும். அப்புறம் ஒரு பக்கம் பின்னால் வந்து, பயன்படுத்தாவிட்டால் ஆப்பை நிறுத்தி வைக்கிற சுவிட்சை அணையுங்கள். அது மாதக்கணக்கில் திறக்காத ஆப்பிடமிருந்து அனுமதிகளைப் பிடுங்கிவிடும். தாத்தா தினமும் தொடுகிற ஆப்புக்கு அது வராது, இருந்தாலும் அணைத்துவிடலாம்.

ராஜா மாமா: அணைத்தாச்சு. அலாரம்ஸ் அண்டு ரிமைண்டர்ஸ் என்று ஒன்று கீழே இருக்கிறது. நாட் அலவ்டு என்கிறது.

நான்: அதுதான் மாமா நான் விட்ட இடம். அலவ் பண்ணுங்கள்.

ராஜா மாமா: 👍

நான்: சில போன்களில் இதோடு முடியாது. ஆப் தானாக எழுவதற்கான அனுமதியை ஆட்டோஸ்டார்ட் அல்லது ஆட்டோ லாஞ்ச் என்று தனியாக ஒளித்து வைத்திருப்பார்கள், செட்டிங்ஸில் மேலே தேடுகிற இடத்தில் "ஆட்டோ" என்று அடித்துப் பாருங்கள். சாம்சங் வைத்திருப்பவர்கள் பேட்டரிக்குள் ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று இரண்டு பட்டியல் இருக்கும், அவற்றில் உங்களுக்கு வேண்டியது போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெவர் ஸ்லீப்பிங் என்பதில் சேர்த்தால் நிம்மதி. எந்தக் கம்பெனி போனில் எங்கே என்ன என்று டோன்ட் கில் மை ஆப் என்ற தளத்தில் போட்டிருக்கிறது. தூக்கத்தைக் கணக்கிடும் ஒரு ஆப் எழுதியவர்கள் நடத்துவது. இரவெல்லாம் ஓட வேண்டிய ஆப், பாதி ராத்திரியில் செத்துச் செத்து விழுந்தால் அவர்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும்.

ராஜா மாமா: ஆட்டோஸ்டார்ட் இருக்கிறது. ஆன் பண்ணியாச்சு. பூஸ்டர் என்று ராக்கெட் படம் போட்டு ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

நான்: அது யார் போட்டது?

ராஜா மாமா: கடைப்பையனாக இருக்கும்.

நான்: தூக்கி எறியுங்கள். விளம்பரம் காட்டுவதற்குத்தான் அது.

அம்மா: அப்போ நானும் எல்லா ஆப்புக்கும் அந்த முதலாவதை வைத்துவிடட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம் அம்மா! எல்லாருக்கும் வீட்டுச் சாவி கொடுப்பது போல ஆகிவிடும், சாயங்காலம் நாலு மணிக்கே சார்ஜர் தேடுவீர்கள். மருந்து ஆப், வேண்டுமானால் இன்னொன்று. சேலைக்கடை ஆப் உறங்கட்டும்.

அம்மா: அது உறங்கினால்தான் உன் அப்பாவுக்கும் நல்லது.

பிரபு அண்ணன்: என் கதையையும் கேள். வண்டி ஓட்டும்போது டிரிப் ஆப் தானாக ஆஃப்லைன் போய்விடுகிறது. நேற்று காந்திபுரத்தில் முக்கால் மணி நேரம் டிரிப் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன், பார்த்தால் ஆஃப்லைன். வீடியோ பார்த்ததுதான் குற்றம்.

நான்: எத்தனை ஜிபி ராம்? பேட்டரி சேவர் போட்டிருந்தாயா?

பிரபு அண்ணன்: 4. சேவர் எப்போதும் ஆன்தான், நாள் முழுக்க ஓட வேண்டுமே.

நான்: அங்கேதான் அடி. சேவர் ஆன் ஆனால் பின்னால் ஓடுவதை எல்லாம் போன் கெடுபிடி செய்யும். திரை அணைந்ததும் இருப்பிடம் காட்டுவதையே நிறுத்திவிடும் போனும் உண்டு. ராம் என்பது ஆப்புகள் ஓடுகிற இடம், உனக்கு 4 ஜிபிதான். அது இறுகினால் பெரிதாக எதையாவது வெளியே தள்ளித்தான் வீடியோவுக்கு இடம் கொடுக்கும். சேவரை அணைத்துவிட்டு வண்டியில் சார்ஜர் போட்டு ஓட்டு. லொகேஷன் அனுமதியில் எல்லா நேரமும் என்பது இருந்தால் அதை வை. டிரிப் ஆப் ஓடும்போது மேலே ஒரு அறிவிப்பு நின்றுகொண்டே இருக்கும், கவனித்திருக்கிறாயா?

பிரபு அண்ணன்: ஆமாம், எரிச்சலாக இருக்கும்.

நான்: அதுதான் அடையாளம். நான் வேலையில் இருக்கிறேன், தொடாதே என்று போனிடம் அது காட்டுகிற பாஸ். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து அப்படி முகம் காட்டிக்கொண்டு நிற்கிற ஆப்தான் பின்னால் ரொம்ப நேரம் ஓட முடியும். அது காணவில்லை என்றால் டிரிப் ஆப்பைத் திறந்து பார்த்துவிடு.

பிரபு அண்ணன்: முக்கால் மணி நேரக் காசு போச்சே 😩

கோமதி அத்தை: நிவேதா, நான் இனி மேலே தள்ளவே கூடாதா? எனக்குக் கை அரிக்கும்.

நான்: தாத்தா போனில் மட்டும் வேண்டாம் அத்தை. தள்ளுகிற இடத்தில் மருந்து ஆப் படத்தின் மேல் அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வருகிறதா பாருங்கள். பூட்டிவிட்டால் மற்றதைத் தள்ளும்போது அது போகாது.

கோமதி அத்தை: வருகிறது. பூட்டிவிட்டேன்.

நான்: இப்போது சோதனை. ஆப்பில் 7:30-க்குப் பொய்யாக ஒரு நேரம் வையுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போனை அதே சாமி அலமாரியில் வைத்துவிடுங்கள். யாரும் தொடக் கூடாது. எங்கள் ஆபீஸில் ஒரு கட்டளை அடித்தால் போன் உடனே உறங்கிவிடும், அப்படித்தான் சோதிப்போம். அங்கே அலமாரிதான்.

ராஜா மாமா: சரி. அப்பா சிரிக்கிறார், போனை ஏன் காவல் காக்கிறீர்கள் என்று.

மாலை 7:30

ராஜா மாமா: அடித்தது.

ராஜா மாமா: 7:30, ஒரு நிமிடம் பிசகவில்லை.

நான்: 🎉 இருந்தாலும் மாமா, கடிகாரத்தில் ஆறு வேளைக்கும் தனியாக அலாரம் வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் ஐந்து வேளை ஆகும்போது ஒன்றை அழித்துவிடலாம். கண் விஷயத்தில் ஒரே ஆப்பை நம்ப எனக்கு மனசு வரவில்லை. போனில் புது அப்டேட் வந்தால் இன்றைக்குச் செய்ததில் ஏதாவது பழையபடி மாறிவிடுவதும் உண்டு, அன்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

அம்மா: தம்பி, ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டி டிக் போடு. தாள் உறங்காது.

ராஜா மாமா: அதுவும் ஒட்டியாச்சு அக்கா.

இரவு 9:01

கோமதி அத்தை: இரண்டும் சேர்ந்து அடித்தது. கடிகாரமும் ஆப்பும். மாமா பயந்து எழுந்துவிட்டார். சொட்டு விட்டாச்சு.

நான்: அடுத்தது காலை 7 மணி அத்தை.

கோமதி அத்தை: 5 மணிக்கே எழுப்பிவிடுவார், நீ கவலைப்படாதே.