சார்பு வேணாம், சார்பொதி எடுத்துக்கலாமா?

டிபென்டன்சிக்கு, அதாவது நம்ம செயலி நம்பியிருக்கிற வெளி நிரல் தொகுப்புக்கு, தமிழ்ல சார்புன்னே வெச்சிடலாம், பழகின சொல்தானேன்னு எழுதியிருந்தீங்க. பழகினதுதான், ஆனா வேற எடத்துல பழகினது. பள்ளிக்கூட கணக்குப் புத்தகத்துல சார்புன்னா ஃபங்ஷன், அதைப் படிச்சிட்டு வர்றவங்ககிட்ட 'பில்ட் பண்றதுக்கு (நிரலை ஓடற செயலியா ஆக்கறதுக்கு) முன்னாடி சார்புகளை நிறுவுங்க'ன்னா எந்த ஃபங்ஷனை எங்க நிறுவறதுன்னு முழிப்பாங்க.

துணைநிரலும் ஒத்துவராது. துணைன்னா இருந்தா நல்லது, இல்லாட்டியும் ஓடும்ங்கிற தொனி வந்துடுது. இது அப்படியா? குழுவுல யாரோ புதுசா ஒரு பாட் (கோகோபாட்ஸ் வழியா ஐஃபோன் செயலிக்குள்ள சேர்க்கிற டிபென்டன்சி) சேர்த்திருப்பாங்க, நாம அந்த மாற்றத்தைப் புல் பண்ணி எறக்கிட்டு நேரா ஆப்பிளோட எக்ஸ்கோடுல பில்ட் அமுக்கினா, சாண்ட்பாக்ஸ் (நம்ம கணினில நிறுவியிருக்கிறது) பாட்ஃபைல் லாக்கோட (பதிப்புகளைக் குறிச்சு வெச்ச கோப்பு) ஒத்துப்போகல, பாட் இன்ஸ்டால் ஓட்டுன்னு சொல்லிட்டு அங்கயே நின்னுடும்.

நான் சொல்றது சார்பொதி. பேக்கேஜுக்குப் பொதின்னு ஏற்கனவே புழங்குது. சார்பொதின்னா வேற எதையோ சார்ந்து நிக்கிற பொதின்னு அர்த்தம் தலைகீழாயிடாதான்னு கேப்பீங்க, நானும் ரெண்டு நாள் அதுலயே மாட்டிக்கிட்டிருந்தேன், அப்புறம் குடிநீர் ஞாபகம் வந்துச்சு. குடிநீர் எதையும் குடிக்கிறதில்ல, நாம குடிக்கிற நீர் அது. அதே வினைத்தொகைதான், நம்ம செயலி சார்ந்திருக்கிற பொதி சார்பொதி. வினைத்தொகைங்கிறதால நடுவுல ப் போட்டுடாதீங்க.

அடுத்து இன்ஸ்டால், இங்கதான் கவனம் வேணும். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை எறக்கற என்பிஎம் கருவியோட ரெண்டு கட்டளையைப் பாருங்க. என்பிஎம் இன்ஸ்டால், எந்தப் பொதிக்கு எந்தப் பதிப்புன்னு குறிச்சு வெச்சிருக்கிற லாக் ஃபைலை மாத்தி எழுதிடலாம். என்பிஎம் சிஐ அதைத் தொடாது, எறக்கின பொதிகள் இருக்கிற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழிச்சிட்டு லாக்ல இருக்கிற பதிப்பையே எறக்கும், வேண்டிய பொதிகளைப் பட்டியல் போட்டிருக்கிற பேக்கேஜ் ஜேசனோட அந்த லாக் பொருந்தலைன்னா பிழை காட்டி நின்னுடும். தானா ஓடற பில்டுக்கு வேண்டியது இந்த ரெண்டாவதுதான், ஆள் பக்கத்துல இல்லாதப்போ பதிப்பு நழுவக்கூடாது. ரெண்டையும் நிறுவல்னு ஒரே சொல்லால சொன்னா அந்த வித்தியாசமே போயிடும். லாக் ஃபைல் பூட்டுக்கோப்பு, சரி. பூட்டுநிறுவல்னு சுருக்கினா பூட்டையே நிறுவற மாதிரி இருக்கு, அதனால பூட்டுவழி நிறுவல். தானா பில்ட் பண்ற ஆப்பிளோட எக்ஸ்கோட் க்ளவுட் சேவைல, நிரலை நகலெடுக்கிற க்ளோன் முடிஞ்சதும் ஓடற ஸ்கிரிப்ட்ல குறிப்பா எழுதிப் பாத்தேன்: 'கட்டும் முன் சார்பொதிகளைப் பூட்டுவழி நிறுவு'. வாய்ல சரளமா வருது.

பில்டுக்குக் கட்டமைப்பு வேணாம், அது ஸ்ட்ரக்சருக்குப் போயிடுச்சு. இப்போதைக்குக் கட்டுதல்னு விட்டிருக்கேன், இதைவிடப் பொருத்தமா யாராவது சொன்னா மாத்திக்கலாம்.