லித்தியம் போடுற ஆளுக்குக் கை நடுக்கம் கூடுது, வெயிலாலையோ?

குளக்கட்டு:
மச்சானுக்கு 46 வயசு. பைபோலருக்கு (மனநிலை அளவுக்கு மிஞ்சி ஏறி இறங்கிற வருத்தம்) லித்தியம் 250 மில்லிகிராம் குளிசை இரவிலை மூண்டு, நாலு வருசமாப் போடுறார். மனநிலை ஒழுங்கா இருக்கு. போன மாதம் பிரஷர் கிளினிக்கிலை லொசார்ட்டன் 50 தொடங்கி, உப்பைக் குறைக்கச் சொன்னவை. இப்ப சிறுபோகம், இரணைமடுப் பக்கம் நாள் முழுக்க வயலுக்கை நிக்கிறார். நாரி நோவுக்குக் கடையிலை டைக்ளோபெனக் வாங்கி ஒரு கிழமையாப் போடுறார். மூண்டு நாளாப் பிளேன்ரீக் கோப்பை பிடிக்கேலாமல் கை நடுங்குது, நடக்கேக்க சரியுறார், வயித்தாலையும் போகுது. கிளினிக் நாளுக்கு இன்னும் 9 நாள் கிடக்கு. அதுமட்டும் பொறுக்கலாமோ? வெயில் களைப்பெண்டு அவர் சொல்றார்.

வாட்டு_மிசி:
பொறுக்க வேண்டாம் தம்பி. இண்டைக்கு இரவுக் குளிசையைக் குடுக்காமல், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நீங்கள் சொன்னதெல்லாம் லித்தியம் உடம்பிலை கூடினதின்ரை அடையாளங்கள்.

நடுக்கத்திலை ரெண்டு வகை இருக்கு. கையை நீட்டினால் விரல் நுனி மெல்லமா ஆடுறது இந்தக் குளிசை போடுற கனபேருக்கு இருக்கும், அது ஆபத்தில்லை. கோப்பை தளும்புற, சேட்டுப் பொத்தான் பூட்டேலாத நடுக்கம் வேறை. அதோடை தள்ளாட்டமும் சத்தியும் வயித்தாலையும் சேர்ந்தால் நஞ்சாகுது எண்டுதான் எடுக்கோணும். நாக்குக் குழறினால், எழுப்ப எழுப்ப நித்திரையாப் போனால், வலிப்பு வந்தால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

வெயிலும் இதுக்குள்ளை ஒரு காரணம்தான், ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் மாதிரித்தான் கையாளும். வேர்வையிலை உப்பும் தண்ணியும் போனால் அது சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், லித்தியமும் அதோடை திரும்ப இரத்தத்துக்கு வந்திடும். அளவு ஏற வயித்தாலை போகும், வயித்தாலை போகத் தண்ணி இன்னும் குறையும், அளவு இன்னும் ஏறும். இதுக்கு மேலை உப்பையும் திடீரெண்டு குறைச்சிருக்கிறியள்.

ஆள் தெளிவா இருந்தால் வழியிலை ஜீவனி (உப்பு, சீனி கலந்த கரைசல் தூள்) குடுக்கலாம்: ஒரு பக்கெற்றுக்குச் சரியா 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணி. மற்றது, சுகமான பிறகு "இந்தக் குளிசையே வேண்டாம்" எண்டு வீட்டிலை முடிவெடுக்காதேங்கோ. சடுதியா முழுக்க நிப்பாட்டினால் மேனியா (மனநிலை மிஞ்சி ஏறுறது) திரும்பி வரலாம். எப்ப, எவ்வளவிலை திரும்பத் தொடங்கிறதெண்டு மனநலப் பிரிவு டொக்ரர் சொல்லுவார்.

குளிசைப்பெட்டி:
மிசியக்கா சொன்னதோடை, முதலாவது குற்றவாளி அந்த டைக்ளோபெனக். ஐபுபுரோபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட் எல்லாம் ஒரே சாதி: சிறுநீரகம் லித்தியத்தை வெளியேத்திறதைத் தடுக்கும். ஊசியா அடிச்சாலும், பின்பக்கத்தாலை வைச்சாலும் அதேதான். நோவுக்குப் பரசிற்றமோல் 500 ரெண்டு போடலாம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 24 மணித்தியாலத்திலை 8க்கு மேலை வேண்டாம். இருதயத்துக்குப் போடுற 75 மில்லிகிராம் அஸ்பிரின் பெரிசாப் பாதிக்காது.

லொசார்ட்டன், எனலாபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட் எண்ட பிரஷர் குளிசையள் மூண்டும் லித்தியத்தைக் கூட்டும். முதல் ரெண்டிலையும் சில கிழமை கழிச்சுக்கூட ஏறும், அதாலை ஒருத்தரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேல்லை. பிரஷருக்கு அம்லோடிபின் இந்த விசயத்திலை பிரச்சினை குறைவு, டொக்ரரிட்டைக் கேளுங்கோ. நெருஞ்சி அவிச்சுக் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லோணும், சலம் போக்கிற எதுவும் அளவை மாத்தும்.

ரெண்டு கிளினிக், ரெண்டு கொப்பி, ஒண்டுக்கு மற்றது தெரியாது. எங்கடை பக்கத்து நோயாளியளின்ரை பெரிய வியாதியே இதுதான். ரெண்டு கொப்பியின்ரை முன்மட்டையிலும் சிவப்புப் பேனையாலை "லித்தியம்" எண்டு எழுதுங்கோ. இப்ப போகேக்க கடையிலை வாங்கின குளிசை அட்டையையும் கொண்டு போங்கோ.

லாப்_மேசை:
இரத்தம் எடுக்கிறதிலை ரெண்டு பிழை அடிக்கடி நடக்குது. ஒண்டு நேரம். வழமையான சோதினைக்குக் கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்திலை எடுக்கோணும்: இரவு 9க்குப் போட்டால் காலமை 9. முந்தி எடுத்தால் அளவு கூடக் காட்டும். (நஞ்சாகிற சந்தேகத்துக்கு 12 மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருக்கிறேல்லை, உடனை எடுக்கிறது. கடைசியா எத்தினை மணிக்குப் போட்டவரெண்டு மட்டும் சொல்லுங்கோ.) மற்றது ரியூப். பச்சை மூடி ரியூப்பிலை லித்தியம் ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் இருக்கப் போடுறது) பூசியிருந்தால், நோயாளி ஒரு குளிசையும் போடாட்டியும் லித்தியம் காட்டும்!

வழமையா வைச்சிருக்கிற அளவு லீற்றருக்கு 0.6 தொடக்கம் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 மட்டும். 1.5 தாண்டினால் நஞ்சு அடையாளங்கள் வரும், 2.0க்கு மேலை உயிராபத்து. ஆனால் வருசக்கணக்காப் போடுறவைக்கு மூளையிலை சேர்ந்திருக்கும், இரத்தத்திலை அவ்வளவு இல்லாட்டியும் ஆள் மோசமா இருக்கலாம். இலக்கம் மட்டும் பார்த்து வீட்டை அனுப்பினால், நடக்கேலாமல் இருக்கிறதைத் திரும்பச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
இப்பவே வெளிக்கிடுறம். சுகமானால் திரும்ப வயலுக்குப் போகலாமோ? கந்தசட்டியும் பிடிக்கிறவர்.

வாட்டு_மிசி:
போகலாம். காலமையும் பின்னேரமும் வேலை, 11 தொடக்கம் 3 மட்டும் நிழல். தாகம் வரமுதலே தண்ணி குடிக்கோணும், சலம் கடும் மஞ்சளாப் போனால் காணாதெண்டு அர்த்தம். உப்பை ஒவ்வொரு நாளும் ஒரே அளவிலை வையுங்கோ, குறைச்சால் லித்தியம் ஏறும், கூட்டினால் இறங்கும். இரவிலை வெளியிலை போகப் பஞ்சிப்பட்டுப் பின்னேரத்தோடை தண்ணியை நிப்பாட்டிறவையும் இருக்கினம். லித்தியம் சலத்தைக் கூட்டுற மருந்து, தண்ணியைக் குறைச்சு அதை நிப்பாட்டேலாது. கள்ளையும் தண்ணிக் கணக்கிலை சேர்க்காதேங்கோ.

காய்ச்சல், சத்தி, வயித்தாலை எது வந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரியிலை காட்டி, குளிசை போடலாமோ எண்டு கேக்கோணும். வயல்காரருக்கு எலிக்காய்ச்சலும் வரும், அது நேரா சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். மறந்த குளிசைக்குச் சேர்த்து அடுத்த நாள் ஆறு போடுறேல்லை.

அளவு மாத்தி 5 தொடக்கம் 7 நாளிலை இரத்தம், நிலைச்ச பிறகு 3 மாதத்துக்கு ஒருக்கா. கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதினை), தைரொயிட், கல்சியம் 6 மாதத்துக்கு ஒருக்கா. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயும் இருக்கிறதாலை கிரியாட்டினினைத் தவறவிடாதேங்கோ.

கந்தசட்டியிலை தண்ணி குடிக்காத உபவாசமும், உப்பில்லாச் சாப்பாடும் இவருக்குச் சரிவராது. ஒருநேரம் உப்புப் போட்ட மரக்கறிச் சோறு, மற்ற நேரத்துக்குப் பால், பழம், நல்லாத் தண்ணி. இப்பிடிப் பிடிக்கலாம் எண்டால், ஐப்பசிக்கு முதல் கிளினிக்கிலை சொல்லிப்போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கோ.