ஹகோனேயில் ஓர் இரவு: சைவ உணவு, மூட்டு வலி, தனிக் குளியல் – எந்த ரியோகானைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி – கோவைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரத்தில் நான், மனைவி, எட்டு வயது மகன், எழுபதைக் கடந்த என் பெற்றோர் என ஐவரும் ஜப்பான் செல்கிறோம். டோக்கியோவில் மூன்று இரவுகளும் கியோட்டோவில் மூன்று இரவுகளும் தங்குவது முடிவாகிவிட்டது. இடையில் ஓர் இரவாவது வெந்நீர் ஊற்று உள்ள ரியோகான் என்ற பழைய முறை விடுதியில், பாய் விரித்த அறையில் தங்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

படங்களைப் பார்த்து, டோக்கியோவுக்கு அருகில் உள்ள ஹகோனே மலைப்பகுதியில் ஒரு விடுதியை முன்பதிவு செய்துவிட்டேன். அதன் பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வருகின்றன. அறைக்கு என்று நான் எண்ணியிருந்த கட்டணம் தலைக்கு என்று இப்போது தெரிகிறது. அம்மா முட்டை கூடச் சாப்பிடாத சைவர் என்று எழுதியதற்கு, "இறைச்சியையும் மீனையும் நீக்கித் தர முடியும், ஆனால் தாஷியை நீக்க இயலாது" என்று விடுதியிலிருந்து பதில் வந்திருக்கிறது. அது என்னவென்றே எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் தரையில் அமர்ந்தால் எழ முடியாது. பொதுக் குளியலில் ஆடையின்றி இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, தான் அறையிலேயே இருந்துவிடுவதாக மனைவி சொல்கிறாள். கட்டணமின்றி ரத்து செய்ய இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருக்கின்றன. இந்த விடுதியை வைத்துக்கொள்வதா, வேறு ஊருக்கே மாற்றிக்கொள்வதா?

பதில் – ஒசாகாவாசி

ஐயா, உங்களுக்கு வந்த பதில் நேர்மையான பதில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல விடுதிகள் "சரி" என்று மட்டும் எழுதிவிடும். நாமும் நிம்மதியாகப் போய் அமர்ந்து, மீன் வாடை அடிக்கும் சாற்றில் வெந்த முள்ளங்கியை உண்போம்.

தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிநீர். கொம்பு என்னும் கடற்பாசியையும், கட்சுஓபுஷி என்னும் சூரை மீன் கருவாட்டுச் சீவலையும் வெந்நீரில் ஊறவைத்து இறக்கிய தெளிந்த சாறு அது. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சாறு, வேகவைத்த காய்கறி, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு ஆகிய எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். தட்டில் மீன் துண்டு எதுவும் கண்ணில் படாததால் அது சைவம் என்றே பரிமாறுபவரும் நம்புவார். ஆகவே "சைவம்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாமல், "நிகு, சகானா, தமாகோ, கட்சுஓ தாஷி வா தபேராரேமசென்" என்று எழுதியனுப்புங்கள். இறைச்சி, மீன், முட்டை, சூரை மீன் சாறு இவற்றை உண்ண இயலாது என்பது அதன் பொருள். கொம்பும் உலர்ந்த ஷியிதாகே காளானும் மட்டும் சேர்த்த தாஷியில் சமைக்க முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். ரியோகானின் இரவு உணவாகிய காய்செகி பல சிறு தட்டுகளாக வரும் விருந்து. பருவத்துக்கு ஏற்பப் பொருள்களை முன்னதாகவே திட்டமிட்டு வாங்கிவிடுவார்கள் என்பதால், அன்றைக்குப் போய் நேரில் சொல்லி மாற்ற முடியாது.

கட்டணம் தலைக்கு என்பது பெரும்பாலான ரியோகான்களில் உள்ள வழக்கம். இரவு உணவும் காலை உணவும் அதில் அடங்கியிருப்பதே காரணம். உங்கள் நிலைக்கு அதுவே ஒரு வழியையும் திறந்துவிடுகிறது: நான்கு பேருக்கு இரு வேளை உணவோடும், அம்மாவுக்கு மட்டும் சுதோமாரி என்ற உணவில்லாத் தங்கலாகவும் போட முடியுமா என்று கேட்கலாம். ஒப்புக்கொள்ளும் விடுதிகள் உண்டு. சிறுவருக்கும் பெரியவர் உணவு, சிறுவர் உணவு, படுக்கை மட்டும் என்று வெவ்வேறு கட்டணங்கள் இருக்கும். மகனின் வயதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

உணவில்லாமல் தங்குவதானால் ஒன்றை மறக்கக் கூடாது. ஹகோனே-யுமோட்டோ நிலையத்தை ஒட்டிய கடைத்தெரு மாலையிலேயே அடங்கிவிடும். மலையில் இருட்டிய பிறகு சைவ உணவு தேடி அலைய வேண்டாம்; டோக்கியோவிலேயே அம்மாவுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, வெளி உணவை அறையில் உண்ணலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெந்நீர்க் கெண்டி அறையில் இருக்கும்.

பதில் – மலைப்பாதை

அம்மாவின் உணவுதான் முதல் கவலை என்றால், ரியோகானை விட்டுவிட்டு கோயசான் மலையின் தங்குமடங்களைப் பாருங்கள் என்பது என் கருத்து. கூகாய் என்ற பௌத்தத் துறவி 816ஆம் ஆண்டில் நிறுவிய மலைத்தலம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் பயணிகள் தங்கலாம். அங்கே வழங்கப்படும் ஷோஜின் ர்யோரி துறவியர் உணவு. மீனும் முட்டையும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கூட அதில் இல்லை. எள்ளை அரைத்துக் கிளறிச் செய்யும் கோமா-தோஃபுவை உங்கள் அம்மா நிச்சயம் விரும்புவார். ஊற்று நீர்க் குளியலும் வேண்டும் என்றால் ஃபுகுச்சி-இன் என்ற கோயிலில் அது இருக்கிறது. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நன்கய் ரயிலில் கோகுரகுபஷி வரை சென்று, அங்கிருந்து கம்பி இழுக்கும் மலை ரயிலில் ஏறினால் மலையுச்சி.

கோவைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. கோயசான் பற்றிப் படித்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் கோயில்களில் படிகள் மிகுதி, தரையில் அமர்ந்தே உண்ண வேண்டும், நவம்பர் இறுதியில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் அப்பாவின் கால்களை எண்ணித் தயங்குகிறேன்.

இன்னும் இரண்டு விவரங்களை நேற்று எழுத விட்டுவிட்டேன். அம்மாவின் முன்கையில் சிறு வயதில் குத்திய பச்சை இருக்கிறது. புள்ளி வைத்த கோலம் போன்றது. பச்சை குத்தியவர்களைக் குளியலில் அனுமதிக்க மாட்டார்கள் என்பது உண்மையா? அடுத்தது, அவர் தாலிச் சங்கிலியையும் வெள்ளி மெட்டியையும் எக்காரணம் கொண்டும் கழற்ற மாட்டார். ஊற்று நீர் பட்டால் அவை கெட்டுப்போகுமா?

பதில் – யோகோஹாமா இல்லத்தரசி

தம்பி, இங்கே வந்து பதினான்கு ஆண்டுகளாகிவிட்டன. என் மாமியாருக்கும் அதே போன்ற பச்சை உண்டு என்பதால் இந்தக் கேள்வியை நானும் கடந்து வந்திருக்கிறேன்.

பச்சையைப் பற்றிய தடை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. குற்றக் கும்பல்களோடு அதைத் தொடர்புபடுத்திப் பார்த்த காலத்திலிருந்து வந்த தடை அது. எழுபது வயதுத் தாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. சிறிய அளவு என்றால் தோல் நிற ஒட்டுத்தாளால் மறைத்துக்கொண்டால் போதும் என்று சில விடுதிகள் சொல்லும். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி, கஷிகிரி என்ற தனிக் குளியலறை. பெரும்பாலும் நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடங்களுக்கு ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்று திறவுகோலைக் கொடுத்துவிடுவார்கள். பச்சையும் அங்கே சிக்கலாகாது. உங்கள் மனைவியின் கூச்சத்துக்கும் அதுவே விடை. என் மாமியாரும் நானும் வேறு வேறு நேரத்தில் குளித்தோம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டியும் சில விடுதிகளில் உண்டு, ஆனால் அதன் விலை வேறு. நீச்சலுடையோடுதான் குளிப்பேன் என்றால் ஹகோனேயிலேயே யுனெஸ்ஸன் என்ற இடம் இருக்கிறது; அது பகல் பொழுதைக் கழிக்கும் இடம், நீங்கள் தேடும் அமைதி அங்கே கிடைக்காது. மகன் எட்டு வயது என்பதால் பொதுக் குளியலில் உங்களோடுதான் போக வேண்டும். ஏறக்குறைய ஏழு வயதிலிருந்தே எதிர்ப்பாலர் குளியலில் அனுமதிப்பதில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல்.

நகை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எல்லா ஊற்று நீரும் ஒன்றன்று. ஜப்பானின் 1948ஆம் ஆண்டு ஓன்சென் (வெந்நீர் ஊற்று) சட்டப்படி, ஊற்றிலேயே 25 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் இருந்தாலோ, பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்று உரிய அளவில் இருந்தாலோ அது ஓன்சென். எனவே தெளிந்த மென்னீரும் ஓன்சென், கண்ணை எரிக்கும் அமில நீரும் ஓன்சென். ஹகோனேயிலேயே ஓவாகுதானி என்ற எரிமலைப் பள்ளத்தாக்குப் பக்கத்து வெள்ளை நிறக் கந்தக நீரில் இறங்கினால் வெள்ளி மெட்டி கறுத்துவிடும். குசாட்சு என்ற இன்னொரு ஊற்று ஊரில் நீரின் அமிலத்தன்மை பி.எச். 2 அளவில் இருக்கும். அங்கே எந்த நகையோடும் இறங்க வேண்டாம். யுமோட்டோவிலோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட மென்னீர், தோலில் பட்டால் வழுவழுவென்று இருக்கும். மெட்டிக்கு அது போதும். விடுதிக்கு எழுதும்போது நீரின் வகையைக் கேளுங்கள். நீரின் பகுப்பாய்வுச் சான்றை மாட்டி வைக்க வேண்டும் என்பதால் அவர்களால் உடனே சொல்ல முடியும்.

அப்பாவுக்கு, பாயும் கட்டிலும் சேர்ந்த வயோ-ஷித்சு என்ற அறையைக் கேளுங்கள். உணவுக்கு மேசை, நாற்காலி உண்டா, மின்தூக்கி உண்டா, தொட்டிக்குள் இறங்கக் கைப்பிடி உண்டா என்ற மூன்றையும் தனித்தனி வரியில் கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் கோத்தால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். அவருக்கு இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சுடுநீரில் இறங்க வேண்டாம்.

பதில் – வடகடல்

கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊரை யாரும் சொல்லவில்லையே. கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி அணிந்து, மரச் செருப்பு ஒலிக்கப் பொதுக் குளியல் இல்லங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து செல்லலாம், பச்சை குத்தியவர்களுக்கும் அங்கே தடை கிடையாது. ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஊரே நண்டு மணக்கும் பருவம். அம்மாவை அழைத்துச் செல்ல நான் சொல்ல மாட்டேன். நீங்களும் மனைவியும் மட்டும் மறுமுறை வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரர்

முதல் விடுதியை ரத்து செய்துவிட்டேன். மின்தூக்கி இல்லை, தனிக் குளியலறையும் இல்லை என்று பதில் வந்தது. யுமோட்டோ நிலையத்துக்கு அருகிலேயே வேறொன்று அமைந்திருக்கிறது: பெற்றோருக்கு வயோ-ஷித்சு, எங்களுக்கு அடுத்த அறை, அம்மாவுக்கு உணவில்லாக் கட்டணம், வெளி உணவுக்கு அனுமதி. தொட்டியில் கைப்பிடி இருப்பதைப் படமாகவே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டோக்கியோவிலிருந்து ஒதவாரா வரை ஷின்கன்சென் அதிவேக ரயில், அங்கிருந்து மலை ரயிலில் கால் மணி நேரம் என்பதால், பெரிய பெட்டிகளைக் கூரியர் மூலம் நேரே கியோட்டோவுக்கு அனுப்பிவிடத் திட்டமிட்டிருக்கிறோம். தங்கிவிட்டு வந்து எழுதுகிறேன்.

கோவைக்காரர் – மூன்று வாரங்கள் கழித்து

சொன்னபடி எழுதுகிறேன்.

தனிக் குளியலறையின் திறவுகோலில் உள்ளங்கை அளவு மரத்துண்டு ஒன்று தொங்கியது. உள்ளே சிறிய அறையில் மூங்கில் கூடைகள். அதற்கு அப்பால் மரத்தொட்டியின் விளிம்பு வழியே நீர் ஓசையின்றி வழிந்துகொண்டிருந்தது. முதலில் அம்மாவும் மனைவியும் சென்றார்கள். தொட்டியில் இறங்குவதற்கு முன் உடலைக் கழுவ வேண்டும் என்ற விதியை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனைவி யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, அம்மா மரக்குவளையில் நீரை மொண்டு காலில் ஊற்றி, பிறகு தோளில் ஊற்றி, ஊரில் ஆற்றில் இறங்கும்போது செய்வதைப் போலவே உச்சந்தலையில் ஒரு கை தெளித்துக்கொண்டாராம். அறையிலேயே இருந்துவிடுவதாகச் சொன்ன மனைவி, மணி அடித்த பிறகும் வெளியே வர மனமின்றி இருந்தாள்.

அப்பாவுக்கு ஒரு தடங்கல் வந்தது. தொட்டிக்குக் கைப்பிடி கேட்ட நான், உடலைக் கழுவ அமரும் முக்காலியை மறந்துவிட்டேன். அது ஒரு சாண் உயரம்கூட இல்லை. அப்பாவால் அமரவே முடியவில்லை. சொன்னவுடன் உயரமான நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்கள். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவு அம்மா கொண்டுபோன உணவையே உண்டார். காலையில் கூடத்துக்கு அவரும் வந்து எங்களோடு வெறுமனே அமர்ந்திருந்ததைப் பரிமாறும் அம்மையார் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் சோறு, ஊறவைத்த உமேபோஷிக் கனி, குளிர்ந்த தோஃபு ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்தார். கூடவே சோயா சாற்றுப் புட்டியையும் கொண்டுவந்து, அதன் பின்புறத்தில் இருந்த பொருள் பட்டியலை என் தொலைபேசி மொழிபெயர்ப்பில் காட்டச் சொல்லி, சோயாவும் கோதுமையும் உப்பும் மட்டும்தான், தாஷி இல்லை என்று விரலால் தொட்டுத் தொட்டு உறுதி செய்தார். நாங்கள் அனுப்பிய கடிதத்தை அவர் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா தோஃபுவை முழுவதும் உண்டார்.

மெட்டி கறுக்கவில்லை. புறப்படும்போது குளியல் வரி என்று பெரியவர் ஒருவருக்கு 150 யென் தனியே வாங்கினார்கள். தனிக் குளியலுக்கான நேரத்தை வந்து சேர்ந்தவுடனே பதிந்துகொள்வது முக்கியம்: நாங்கள் மூன்றரை மணிக்குப் போயும் மாலையில் இரண்டு இடங்களே மிஞ்சியிருந்தன, ஐந்து மணிக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு இரவு பத்து மணிதான் கிடைத்தது.