1780 மரியா தெரேசா தாலர்: எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று அறிய உதவி தேவை

வணக்கம். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசுக் கால வெள்ளி நாணயங்களைச் சேர்த்துவரும் நான், அண்மையில் 1780 என்று பொறித்த மரியா தெரேசா தாலர் (பேரரசி மரியா தெரேசாவின் உருவம் கொண்ட பெரிய வெள்ளி நாணயம்) ஒன்றை வாங்கினேன். பேரரசி அந்த ஆண்டிலேயே மறைந்த பின்னரும், அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் இந்த நாணயத்தையே விரும்பிக் கேட்டதால், வியன்னா, ரோம், லண்டன் மட்டுமன்றி நம் பம்பாய் நாணயச்சாலையிலும்கூட அதே ஆண்டைப் பொறித்தே அச்சிட்டார்கள்; ஆகவே ஆண்டை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. என்னிடமுள்ளது 28 கிராமுக்குச் சற்றே கூடுதலான எடை கொண்டது. பேரரசியின் உருவத்தின் கீழே எஸ்.எஃப். எழுத்துகளும் (நாணயச்சாலை அதிகாரிகளின் பெயர் முதலெழுத்துகள்) விளிம்பில் இலத்தீன் வாசகமும் தெளிவாக உள்ளன, ஆனால் மறுஅச்சுகளிலும் இவை இருக்கும். தோளணியின் முத்துகளையும் மறுபுறத்திலுள்ள கழுகின் வால் இறகுகளையும் கொண்டு நாணயச்சாலையைப் பிரித்தறியப் பழகியவர்கள், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாவேன். இருபுறப் படங்களையும் இணைத்துள்ளேன். நாணயத்தைத் தேய்த்து மெருகேற்றவில்லை, கவலை வேண்டாம்.